பழைய கான்டஸாவுக்கு வேற எஞ்சின் போடலாமா? செலவு எவ்வளவு, சட்டம் என்ன சொல்கிறது? நெல்லை கார் பிரியர்களுக்கு ஒரு முழு விளக்கம்

பாளையங்கோட்டையிலோ மேலப்பாளையத்திலோ ஏதாவது ஒரு கார் பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். ஓரமாக, தார்ப்பாய் மூடி, டயரில் காத்து இறங்கி ஒரு பழைய கார் நிற்கும். கேட்டால், "எஞ்சின் மாத்தணும்னு கொண்டாந்து விட்டாவ. அதுக்கு மேல காசு இல்லைன்னு போய்ட்டாவ" என்று பதில் வரும்.

எஞ்சின் மாற்றும் ஆசை பெரும்பாலும் நின்றுபோவது இப்படித்தான். எஞ்சினுக்குக் காசு இருந்தது, எஞ்சினைச் சுற்றி வரும் செலவுக்குக் காசு இல்லை. இல்லையென்றால் வேலை முடிந்துவிட்டது, வண்டி ஓடுகிறது, ஆனால் ஆர்.சி.யில் ஏற்ற முடியவில்லை.

யூடியூபில் ஒரு கான்டஸாவில் ஜப்பான் எஞ்சின் உறுமுவதைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, நம்ம வண்டிக்கும் இப்படிப் பண்ணலாமா?" என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். பண்ணலாமா, கூடாதா? எவ்வளவு ஆகும்? எங்கிருந்து தொடங்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் ஏன் கான்டஸா?

இந்தியாவில் தயாரான ஸ்போர்ட்ஸ் கார்கள் மிகக் குறைவு. கோவாவில் தயாரான சான் ஸ்டார்ம் என்ற இரண்டு இருக்கை கார் ஒன்று உண்டு. ஃபைபர் பாடி, ரெனோவின் 1.2 லிட்டர் எஞ்சின். அதை நெல்லை ரோட்டில் பார்த்தவர்கள் அபூர்வம்.

ஆனால் கான்டஸாவைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். நீளமான பானெட், பின்சக்கர டிரைவ், 'இந்தியாவின் மசில் கார்' என்ற பட்டப்பெயர். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1984-ல் அறிமுகம் செய்து, 2002 வரை தயாரித்தது.

இதில் சுவாரசியம் என்னவென்றால், கான்டஸாவுக்கு முதலில் எஞ்சின் மாற்றியது அந்த நிறுவனமே. ஆரம்பத்தில் அம்பாசடரில் இருந்த அதே 1.5 லிட்டர் எஞ்சின்தான் கான்டஸாவிலும் இருந்தது. சுமார் 50 குதிரைத்திறன். அவ்வளவு பெரிய பாடிக்கு அது பத்தவில்லை. "பார்க்க சிங்கம் மாதிரி இருக்கு, இழுவையில ஒண்ணுமில்ல" என்ற பேச்சு அப்போதே இருந்தது.

பிறகு ஜப்பானின் இசுஸூ நிறுவனத்தின் 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் வந்தது. சக்தி சுமார் 88 குதிரைத்திறன். அதோடு 5 கியர் பெட்டியும் வந்தது. அதற்குப் பிறகு 2.0 லிட்டர் டீசலும் கிடைத்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிறுவனம் எஞ்சினை மட்டும் மாற்றவில்லை, கியர்பாக்ஸையும் சேர்த்தே மாற்றியது. எஞ்சின் மாற்றம் என்பது தனி எஞ்சின் வேலை இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

பட்ஜெட்டுக்கு முன்னால் சட்டத்தைப் பார்ப்பது ஏன்? சட்டத்துக்கு ஒத்துவராத வேலைக்குப் பட்ஜெட் போட்டால் மொத்தப் பணமும் வீண் என்பதால்தான்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் பிரிவு 52 இதைப் பற்றிப் பேசுகிறது. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள், தயாரிப்பு நிறுவனம் முதலில் குறிப்பிட்ட விவரங்களில் இருந்து மாறுபடும்படி வண்டியை உரிமையாளர் மாற்றக் கூடாது என்பதே அதன் சாரம். எஞ்சின் எண், சிசி, எரிபொருள் எல்லாம் ஆர்.சி.யில் இருக்கும் விவரங்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

2019 ஜனவரி 9-ம் தேதி, கேரளாவில் இருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. தயாரிப்பாளரின் மூல விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்று தீர்ப்பளித்தது.

மீறினால்? 2019-ல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 182-ஏ பிரிவின்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

ஆக, உங்கள் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன.

வழி 1: அதே தயாரிப்பு, அதே வகை எஞ்சின். பழைய எஞ்சின் உடைந்துவிட்டது, அதே மாடல் எஞ்சின் போடுகிறீர்கள். எஞ்சின் எண் மட்டுமே மாறும். முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்கி, மாற்றிய பிறகு ஆர்.சி.யில் புது எண்ணை ஏற்ற வேண்டும். மாற்றத்தைத் தெரிவிக்க சட்டம் தரும் அவகாசம் 14 நாட்கள்.

வழி 2: அங்கீகரிக்கப்பட்ட எரிபொருள் மாற்றுக் கிட். சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரி என வேறு எரிபொருளுக்கு மாற்ற சட்டமே கதவு திறந்து வைத்திருக்கிறது. ஆனால் கிட் ஒப்புதல் பெற்றதாக இருக்க வேண்டும். எலெக்ட்ரிக் மாற்றத்துக்கு ஏ.ஐ.எஸ். 123 என்ற தர விதி உண்டு. "நாமளே மோட்டார் வாங்கி, நாமளே பேட்டரி கட்டலாம்" என்பது இதில் நடக்காது.

வழி 3: வேறு நிறுவனத்தின் பெரிய எஞ்சின். யூடியூபில் பார்ப்பது பெரும்பாலும் இதுதான். சிசி மாறும், சக்தி மாறும், சில நேரம் சிலிண்டர் எண்ணிக்கையே மாறும். பொதுச் சாலையில் ஓட்டுவதற்கு இது சட்டத்துக்கு ஒத்துவராது. பந்தய மைதானத்துக்கு மட்டுமான வண்டி என்று முடிவு செய்தால்தான் இதற்கு அர்த்தம் உண்டு.

சரி, 1.5 கான்டஸாவில் இசுஸூ 1.8 போடலாமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. இரண்டுமே அதே நிறுவனம் விற்ற வண்டிகள்தான். ஆனாலும் உங்கள் ஆர்.சி.யில் உள்ள சிசி மாறிவிடும். "கம்பெனியே போட்ட எஞ்சின்தானே" என்ற தைரியத்தில் இறங்கிவிடாதீர்கள். உங்கள் வண்டி பதிவான அலுவலகத்தில், டி.என். 72 என்றால் திருநெல்வேலி, 76 என்றால் தென்காசி, 69 என்றால் தூத்துக்குடி, எழுத்துப்பூர்வமாக மனு கொடுங்கள். எழுத்துப்பூர்வமான பதில் கைக்கு வந்த பிறகே எஞ்சினுக்கு அட்வான்ஸ் கொடுங்கள். "எனக்குத் தெரிஞ்ச ஏஜென்ட் பாத்துக்கிடுவாரு" என்பதை அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கடன் நிலுவையில் இருக்கும் வண்டி என்றால், கடன் கொடுத்த வங்கியின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் தேவை.

50 வயது தாண்டிய பழைய கார் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 2021-ல் வந்த விதிகளின்படி, அந்த வயதுக்கு மேற்பட்ட கார்களை 'விண்டேஜ்' வாகனமாகப் பதிவு செய்யலாம். ஆனால் எஞ்சின், சேஸிஸ், பாடியில் பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவசரப்பட்டு எஞ்சினை மாற்றினால் அந்த வாய்ப்பு போய்விடும்.

இன்சூரன்ஸ்: சின்ன எழுத்தில் இருக்கும் பெரிய ஆபத்து

ஆர்.சி.யில் ஒரு எஞ்சின் எண், வண்டியில் வேறொரு எண் என்றால், விபத்து நடந்த பிறகு சர்வேயர் பானெட்டைத் திறக்கும்போது பிரச்சினை ஆரம்பிக்கும். உங்கள் வண்டிக்கான க்ளெய்ம் நிராகரிக்கப்பட வாய்ப்பு அதிகம்.

அதைவிடப் பெரியது அடுத்தவருக்கான இழப்பீடு. காப்பீட்டு நிபந்தனை மீறப்பட்ட வழக்குகளில், "பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்" என்று காப்பீட்டு நிறுவனத்துக்கு நீதிமன்றங்கள் உத்தரவிடுவது உண்டு. அந்தத் தொகை லட்சங்களில் இருக்கும். எஞ்சினுக்கு வைத்த பட்ஜெட் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

எனவே ஆர்.சி.யில் ஏற்றிய அதே வாரத்தில் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தகவல் கொடுத்து, பாலிசியில் புது எஞ்சின் எண் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

எஞ்சின் விலை மொத்தத்தில் கால்வாசிதான்

இப்போது பணத்துக்கு வருவோம். கீழே உள்ளது கணக்கு புரிவதற்கான உதாரணம் மட்டுமே. சந்தை விலைப்பட்டியல் இல்லை. உங்கள் மெக்கானிக் சொல்லும் தொகையை இதே வரிசையில் போட்டுப் பாருங்கள். எந்த வரியும் விடுபடக் கூடாது என்பதுதான் முக்கியம்.

- எஞ்சின், கியர்பாக்ஸ், ஈ.சி.எம்., ஒயரிங் செட்: 1,50,000 ரூபாய்
- எஞ்சினைத் திறந்து பார்த்தல், கேஸ்கெட், சீல், டைமிங் பெல்ட், கிளட்ச் செட்: 40,000
- எஞ்சின் மவுண்ட், லேத் வேலை, புரொப்பல்லர் ஷாஃப்ட் நீளம் மாற்றுதல்: 45,000
- ரேடியேட்டர், ஃபேன், ஹோஸ்: 25,000
- பெட்ரோல் பம்ப், ஃபியூயல் லைன், டேங்க் வேலை: 20,000
- எலெக்ட்ரிக்கல் வேலை: 40,000
- பிரேக், சஸ்பென்ஷன், டயர்: 80,000
- சைலன்சர், கேட்டலிடிக் கன்வெர்ட்டர்: 25,000
- வண்டி ஏற்றி இறக்குதல், ஆயில், நட்டு போல்ட்: 15,000
- ஆர்.சி., எஃப்.சி., இன்சூரன்ஸ்: 20,000

கூட்டினால் 4,60,000 ரூபாய். இதற்கு மேல் எதிர்பாராத செலவுக்கு 25 சதவீதம், அதாவது 1,15,000 தனியாக வைக்க வேண்டும். மொத்தம் 5,75,000.

ஒன்றரை லட்சத்துக்கு எஞ்சின் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டவர், கடைசியில் ஐந்தே முக்கால் லட்சம் கணக்குப் பார்க்கிறார். எஞ்சினின் பங்கு நாலில் ஒன்றுதான். பட்டறை ஓரத்தில் நிற்கும் அந்தத் தார்ப்பாய் வண்டிகளின் கதை இந்த மீதி முக்கால் பங்கில்தான் இருக்கிறது.

பழைய வண்டி என்றால் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணத்தையும் மறக்க வேண்டாம். 20 ஆண்டுகளைத் தாண்டிய கார்களுக்கு இந்தக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கான்டஸாக்கள் எல்லாமே இந்த வயதைத் தாண்டியவை.

பானெட்டுக்குள் பார்க்க வேண்டியவை

எஞ்சின் எந்தப் பக்கம் பார்த்து உட்காரும்? கான்டஸா பின்சக்கர டிரைவ் வண்டி. எஞ்சின் நீளவாக்கில் உட்காரும், பின்னால் புரொப்பல்லர் ஷாஃப்ட் ஓடும். இன்று ரோட்டில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர டிரைவ். அவற்றில் எஞ்சின் குறுக்குவாக்கில் இருக்கும். அந்த எஞ்சினைத் தூக்கி அப்படியே கான்டஸாவில் வைக்க முடியாது. கியர்பாக்ஸ் வேறு, மவுண்ட் வேறு, ஆயில் சம்ப்பின் வடிவமே வேறு. விலை குறைவாகக் கிடைக்கிறது என்று வாங்குவதற்கு முன் டேப் எடுத்து நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்துவிடுங்கள்.

கியர் கணக்கு. இதைப் பேப்பரிலேயே போட்டுப் பார்க்கலாம். டயரின் சுற்றளவு 1.9 மீட்டர், ஆக்சில் விகிதம் 4.1, மேல் கியர் விகிதம் 1 என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் 3,000 ஆர்.பி.எம். சுற்றும்போது வண்டி மணிக்கு சுமார் 83 கி.மீ. போகும். மேல் கியர் விகிதம் 0.85 உள்ள 5 கியர் பெட்டி போட்டால், அதே சுற்றில் வேகம் சுமார் 98 கி.மீ. மதுரை ரோட்டில் எஞ்சின் கத்தாமல் போவதும், மைலேஜும் இந்த ஒரு கணக்கில்தான் இருக்கிறது. எஞ்சின் குதிரைத்திறனை மட்டும் பார்த்து வாங்கினால் இது தெரியாது.

சூடு. பெட்ரோலில் இருந்து வரும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தை நோக்கிப் போகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியாகவும், மற்றொரு பங்கு ரேடியேட்டர் வழியாகவும் வெளியேற வேண்டும். சக்தி கூடினால் சூடும் கூடும். சித்திரை வெயிலில் வண்ணார்பேட்டை சிக்னலில் நிற்கும்போது, பழைய ரேடியேட்டர் அதைத் தாங்குமா? பாபநாசத்தில் இருந்து காரையாறு ஏறும் மலைப்பாதையில், குறைந்த வேகத்தில், காத்து பத்தாமல் ஏறும்போது தாங்குமா? பட்டறை வாசலில் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தால் இது தெரியாது.

பிரேக். வேகம் 80-ல் இருந்து 110 ஆனால், வண்டியை நிறுத்த பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிறது. 50 குதிரைத்திறனுக்கு என்று வடிவமைத்த பிரேக்கோடு இரண்டு மடங்கு சக்தி உள்ள எஞ்சினை ஓட்டக் கூடாது. பட்ஜெட் இடிக்கும்போது பெரும்பாலானவர்கள் வெட்டுவது இந்த வரியைத்தான். எக்காரணம் கொண்டும் வெட்டக் கூடாத வரியும் இதுதான். உண்மையில் பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் வேலையை முடித்த பிறகே எஞ்சினுக்குப் போக வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் எஞ்சின்: வெள்ளம் வந்த ஊரில் கூடுதல் கவனம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லை, தூத்துக்குடி மக்கள் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி கரை தாண்டி, நெல்லை சந்திப்பு, கொக்கிரகுளம் என்று ஊருக்குள் புகுந்தது. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பகுதிகள் தீவாகின. நின்ற இடத்திலேயே கார்கள் மூழ்கின.

தண்ணீரில் மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்தால் என்ன ஆகும்? சிலிண்டருக்குள் போன தண்ணீரைக் காற்று மாதிரி அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே ஏறி தண்ணீரில் முட்டும்போது கனெக்டிங் ராடு வளையும், சில நேரம் பிளாக்கே உடையும். இதைத்தான் ஹைட்ரோலாக் என்கிறார்கள். இந்தப் பகுதியில் சாதாரணக் குடும்பங்கள் எஞ்சின் மாற்ற வேண்டி வருவது ஸ்போர்ட்ஸ் கார் ஆசையால் இல்லை, இந்த மாதிரி வெள்ளத்தால்தான். பொதுவான பாலிசிகளில் ஹைட்ரோலாக் சேதத்துக்குப் பணம் கிடைப்பது கஷ்டம். 'எஞ்சின் புரொடெக்ட்' என்ற கூடுதல் பாதுகாப்பு எடுத்திருக்க வேண்டும். ஆற்றோரம் குடியிருப்பவர்கள் அடுத்த முறை பாலிசி புதுப்பிக்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள்.

பழைய எஞ்சின் வாங்குபவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. சென்னை புதுப்பேட்டையில் வாங்கினாலும், உள்ளூரில் வாங்கினாலும், அது வெள்ளத்தில் கிடந்த எஞ்சினா என்று பார்க்க வேண்டும்.

- ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.
- போல்ட் குழிகளிலும், ஆல்டர்னேட்டர் பின்னாலும் காய்ந்த வண்டல் இருக்கிறதா பாருங்கள். வெளியே கழுவினாலும் அந்த இடங்களில் மண் தங்கும்.
- ஒயரிங் கனெக்டரைக் கழற்றுங்கள். பின்களில் பச்சை பிடித்திருந்தால் வேண்டாம்.
- கம்ப்ரஷன் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். எல்லா சிலிண்டரும் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். "ஓடுற எஞ்சின் தம்பி, நம்பி எடுத்துட்டுப் போ" என்ற வார்த்தை டெஸ்ட்டுக்கு ஈடாகாது.

காகிதம் இல்லாத எஞ்சின் வெறும் இரும்பு

எஞ்சின் எண் குறிப்பிட்ட பில் கட்டாயம் வேண்டும். வேறொரு வண்டியில் இருந்து எடுத்தது என்றால், அந்த வண்டியின் பதிவு ரத்து செய்யப்பட்டதற்கான ஆவணமும் கேளுங்கள். எஞ்சின் எண்ணை வைத்து, அது திருட்டு வண்டியினுடையதா என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையச் சேவையில் பார்க்கலாம். எண் தேய்க்கப்பட்டிருந்தாலோ, மேலே வெல்டிங் தடம் இருந்தாலோ பேரமே பேசாமல் திரும்பிவிடுங்கள்.

வெளிநாட்டில் இருந்து வந்ததாகச் சொல்லப்படும் 'ஹாஃப் கட்' எஞ்சின்களுக்கும் இதே விதிதான். இந்தியாவின் வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையில் பழைய உதிரிப் பொருட்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் இருக்கிறது. உரிய அனுமதி வேண்டும். சுங்கத்துறையில் தாக்கல் செய்த பில் ஆஃப் என்ட்ரி நகலை விற்பவர் தர முடியவில்லை என்றால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நீங்களும் எதையும் காட்ட முடியாது.

குறைந்த செலவில் பந்தயக் கார்: கோவை காட்டிய வழி

"அப்போ எங்களை மாதிரி ஆளுங்க ஆசையே படக் கூடாதா?" என்று கேட்கலாம். தமிழ்நாட்டிலேயே இதற்கு நல்ல பதில் இருக்கிறது.

கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன் 1980-களின் இறுதியில் 'ஃபார்முலா மாருதி' என்ற ஒற்றை இருக்கை பந்தயக் காரை உருவாக்கினார். அதற்கு வெளிநாட்டு எஞ்சினைத் தேடி அவர் போகவில்லை. ஊரெல்லாம் ஓடிய மாருதி 800-ன் 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சினையே எடுத்துக்கொண்டார். பாடியை இலகுவாக்கினார். உதிரிப் பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வைக்க முடியும்.

பின்னாளில் ஃபார்முலா 1 வரை போன நரேன் கார்த்திகேயன், தன் பந்தய வாழ்க்கையின் தொடக்கத்தில் ஓட்டியது ஃபார்முலா மாருதியைத்தான். கரிவரதன் 1995-ல் சிறு விமான விபத்தில் காலமானார். கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தய மைதானம் அவர் பெயரைத் தாங்கி, 'கரி மோட்டார் ஸ்பீட்வே' என்று நிற்கிறது.

பெரிய எஞ்சினைத் தேடுவதைவிட எடையைக் குறைப்பது மலிவு. பாகம் கிடைக்கும் எஞ்சினைத் தேர்ந்தெடுப்பது அதைவிட முக்கியம். இந்த இரண்டையும்தான் அவர் செய்துகாட்டினார். மேலே சொன்ன மூன்றாவது வழியில் போக நினைப்பவர்கள், வண்டியை டிரெய்லரில் ஏற்றி கோவைக்கோ, ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டைக்கோ கொண்டுபோய் ஓட்டும் செலவையும் ஆண்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மாற்றாமலே சமாளிக்க முடியுமா?

பல நேரம் முடியும். பழைய எஞ்சினை இறக்கி ரீபோர், ஹெட் வேலை, புது பிஸ்டன் ரிங், பேரிங் என்று முழுதாக ஓவர்ஹால் செய்தால், இழந்த சக்தி திரும்ப வரும். பிளாக் உடையாத வரை எஞ்சின் எண்ணும் மாறாது. ஆர்.சி. பிரச்சினை இல்லை, இன்சூரன்ஸ் பிரச்சினை இல்லை, மவுண்ட், ஒயரிங், புரொப்பல்லர் ஷாஃப்ட் செலவும் இல்லை. எந்தப் பட்ஜெட்டுக்கும் முன்னால் மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இதையே சரி பண்ண எவ்வளவு ஆகும் அண்ணாச்சி?" என்பதுதான்.

எந்த வரிசையில் வேலையைத் தொடங்குவது?

1. வண்டியை எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். ரோட்டிலா, மைதானத்திலா? எஞ்சின் தேர்வு இதற்குப் பிறகுதான்.
2. பழைய எஞ்சினை ஓவர்ஹால் செய்ய ஆகும் தொகையை எழுதி வாங்குங்கள்.
3. ரோட்டுக்கு என்றால் ஆர்.டி.ஓ.விடம் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். கடன் இருந்தால் வங்கியிடமும் கேளுங்கள்.
4. சேஸிஸில் துரு இருக்கிறதா பாருங்கள். தளம் உளுத்த வண்டியில் நல்ல எஞ்சின் போட்டுப் பயனில்லை.
5. மேலே சொன்ன பத்து வரிச் செலவுக் கணக்கைப் போடுங்கள். 25 சதவீதம் சேருங்கள். அந்தத் தொகை கையில் வரும் வரை வண்டியைக் கழற்ற விடாதீர்கள்.
6. கூலியை மொத்தமாக முன்னால் கொடுக்காமல், எஞ்சின் உட்கார்ந்தபோது, ஸ்டார்ட் ஆனபோது, ரோட்டில் ஓட்டிப் பார்த்தபோது என்று பிரித்துக் கொடுங்கள். ஒவ்வொரு தவணைக்கும் பில் வாங்குங்கள்.
7. காலத்தையும் கணக்கில் எடுங்கள். "ஆனித் தேரோட்டத்துக்கு ரெடி பண்ணிரலாம்" என்று சொல்லும் வேலை ஐப்பசி மழை வரை இழுப்பது சகஜம். எஞ்சின் இல்லாமல் திறந்த பட்டறையில் நிற்கும் வண்டி மழையில் துருப்பிடிக்கும். மழைக்காலத்துக்கு முன் கூரை உள்ள இடத்தை உறுதி செய்யுங்கள்.
8. வேலை முடிந்ததும் புகைச் சான்று, ஆர்.சி. பதிவு, இன்சூரன்ஸ் மூன்றையும் முடித்த பிறகே நெடுஞ்சாலைக்குப் போங்கள்.

இந்த எட்டில் முதல் ஐந்துக்குப் பெரிய செலவு இல்லை. ஒரு நோட்டும், ஒரு டேப்பும், இரண்டு மூன்று நாள் அலைச்சலும் போதும். அந்த ஐந்தையும் முடித்துவிட்டு, "வேண்டாம், இருக்கிற எஞ்சினையே சரி பண்ணிக்கிடலாம்" என்று நீங்கள் முடிவு செய்தால் அதுவும் லாபம்தான். வண்டி தார்ப்பாய்க்குள் போகாமல் ரோட்டில் ஓடும்.